போட்டோவில் இருந்த பல்

19.1.1994, புதன்

போட்டோவில் என் பல் வெள்ளையாக இருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது அதுதான். சேலையைப் பார்க்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டுவிட்ட கல் தோட்டைப் பார்க்கவில்லை. உதடு லேசாகப் பிரிந்திருக்கிறது. உள்ளே மேல்வரிசையில் நாலு பல் தெரிகிறது. நாலும் புது அரிசி போல இருக்கிறது.

என் பல் அப்படி இல்லை. முளைத்ததிலிருந்தே காவி. முன்பற்கள் இரண்டில் காப்பிப் பொடியைக் குழைத்து இழுத்தது போலக் குறுக்குக் கோடு. உமிக்கரி, உப்பு, வேப்பங்குச்சி, கடையில் விற்கிற எல்லாப் பற்பொடியும் தேய்த்தாயிற்று. ஈறுதான் தேய்ந்தது.

அம்மாவிடம் காட்டினேன். "லட்சணமாத்தான இருக்க" என்றாள்.

"பல்லப் பாரும்மா."

பார்த்தாள். வாயில் இருந்த வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். பிறகு போட்டோவை வாங்கி உறைக்குள் வைத்து, "அத்தை வந்து கேட்டா மூணு போட்டோவையும் குடுத்துரணும்" என்றாள்.

21.1.1994, வெள்ளி

கம்பெனி விட்டு வரும் வழியில் ஸ்டூடியோவுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். ஐயாதுரை அண்ணாச்சிதான் பார்த்துவிட்டு, "என்னத்தா, படம் சரியில்லையா" என்று உள்ளே கூப்பிட்டார்.

படம் எடுத்த அன்றைக்கு நடந்தது இதுதான். விளக்கைப் போட்டுவிட்டு என்னை உட்காரச் சொல்லும் நேரத்தில், அவர் வளர்க்கும் வெள்ளை நாய் உள்ளே வந்து, ஸ்டூலில் ஏறி, கேமராவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. "எறங்குலே, ஒனக்கா மாப்பிள்ளை பாக்காக" என்று விரட்டினார். சிரித்துவிட்டேன். நாய் இறங்கி நான் உட்கார்ந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிட்டேன். அதற்குள் வெளிச்சம் அடித்துவிட்டது.

"பல்லு..." என்றேன்.

"ஓ, அதா. நெகட்டிவ்ல லேசாப் பென்சில் வச்சேன். பரு இருந்தா எடுப்பேன், அம்மைத் தழும்பு இருந்தா எடுப்பேன். பொண்ணு போட்டோன்னா எல்லாருக்கும் செய்யுறதுதான். அதுக்குத் தனியா காசு வாங்கலையே."

நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். வேறு படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்கப் போனவள், "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் உறை இல்லை. கருத்தம்மாள் அத்தை மம்சாபுரத்திலிருந்து வந்து மத்தியானமே வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

30.1.1994, ஞாயிறு

அத்தை வந்தாள். கான்சாபுரத்து ஆட்களுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை பெயர் தனுஷ்கோடி. பட்டாளத்தில் இருக்கிறார், வடக்கே எங்கேயோ பனிமலையில். அவருக்கு ஒரு போட்டோவைத் தபாலில் அனுப்பியும் விட்டார்களாம். லீவு ஆவணியில்தான். அதற்கு முன்னால் அவருடைய அம்மாவும் அக்காவும் வந்து பூ வைப்பார்கள். ஆவணியில் கல்யாணம்.

"சிரிச்ச மொகம், சிரிச்ச மொகம்னு அந்த அக்காக்காரி வாய் ஓயல" என்றாள் அத்தை.

அம்மா மெதுவாக, "பல்லு விஷயம்?" என்றாள்.

"ஆயிரம் பொய் சொல்லிக் கட்டச் சொல்லியிருக்கு. நாம சொன்னது ஒண்ணு. அதுவும் நாம சொல்லல, போட்டோக்காரன் சொன்னான். இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பாக்கி கெடக்கு, போ."

அம்மாவும் சிரித்தாள். அப்பா மில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

2.2.1994, புதன்

அத்தை திருப்பிக் கொண்டுவந்த ஒரு போட்டோவைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்து, பக்கத்தில் என் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு நான் அக்கா மாதிரி இருக்கிறேன்.

6.2.1994, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு பக்கம் மரப்பெட்டியும் கண்ணாடியும் வைத்து உட்கார்ந்திருக்கும் பல்லுக்காரரிடம் அம்மா கூட்டிப்போனாள். பெட்டிமேல் யார் யாருடைய பல்லோ குவித்து வைத்திருக்கிறார்.

"ஒரே நிமிஷம் ஆத்தா. சங்கு மாதிரி ஆயிரும்."

குச்சியில் பஞ்சைச் சுற்றி, சீசாவுக்குள் விட்டு எடுத்து, கீழ்வரிசையில் ஒரு பல்லில் தேய்த்தார். மூக்கு எரிந்தது. பல் வெளுத்துத்தான் போனது. அம்மா குனிந்து பார்த்து, "எல்லாத்துலயும் போடுங்க" என்றாள். நான் மூச்சை இழுத்தேன். காற்று அந்தப் பல்லில் பட்டதும் தலை உச்சி வரை ஊசி இறங்கியது. அவர் கையைத் தள்ளிவிட்டு எழுந்து நடந்துவிட்டேன். அம்மா பின்னாலேயே, "ஏட்டி, ஏட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். திட்டவில்லை.

8.2.1994, செவ்வாய்

தண்ணீர் குடிக்க முடியவில்லை. அந்த ஒரு பல் சுண்ணாம்புக் கட்டி போல ஆகிவிட்டது. நகத்தால் சுரண்டினால் பொடி வருகிறது.

13.2.1994, ஞாயிறு

கம்பெனியில் என்னோடு துணி மடிக்கும் செல்லத்தாய் சொன்ன இடத்துக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா வருகிறார். பெயர் ஜெயபாய். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருக்கிறார். ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. நாற்காலியில் படுத்தால் கோபுரம் மட்டும்தான் தெரியும்.

"வாயத் திற. இன்னும். நான் பல் பாக்கத்தான் உட்காந்திருக்கேன், வெக்கப்பட்டா எப்படி?"

பிறந்ததிலிருந்து யாரும் என் வாய்க்குள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அந்தக் கீழ்ப்பல்லைத் தொட்டுவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். அம்மா சொன்னாள். டாக்டரம்மா கையில் இருந்ததைத் தட்டில் வைத்தார். "அது ஆசிட்டும்மா. கறையை எடுக்கல. பல்லோட மேல்தோலை எடுத்திருக்கு. அது திரும்ப வளராது."

பிறகு, "எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளந்த பிள்ளை?" என்று கேட்டார்.

"எங்க ஊர்லதான். பத்து வயசு வரைக்கும் எங்க ஆத்தாகிட்ட விட்டிருந்தேன். நான் மில்லுக்குப் போனேன்."

"அந்த ஊர்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தானா?"

"ஆமா" என்றாள் அம்மா. குரல் உள்ளே போய்விட்டது.

அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஏதோ ஒன்று, ஈறுக்குள் பல் உருவாகும்போதே அதில் சேர்ந்துவிடுகிறதாம். மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஊரில் யாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எல்லோருக்கும் ஒரே நிறம். ராஜபாளையம் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்த முதல் நாள்தான் எனக்குப் பல் இருப்பது தெரிந்தது.

என்ன செய்யலாம் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். மெஷினால் சுத்தம் பண்ணலாம், ஆனால் அது பாக்கு, புகையிலைக் கறைக்குத்தான். பல்லை அரைத்துச் சின்னதாக்கி மேலே மூடி போடலாம். மதுரைக்குப் போக வேண்டும், பதினேழு வயதில் நல்ல பல்லை அரைக்க அவருக்கு மனசில்லை. மூன்றாவது, மருந்து வைத்து விளக்குச் சூட்டில் வெளுப்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாக நாலு தடவை. காவி குறையும், முழுக்கப் போகுமென்று வாக்குத் தர மாட்டார்.

"ஒண்ணுமே செய்யாமலும் விடலாம். ஒரு பூச்சிப்பல் இல்லை. இந்த மாதிரிப் பல்லு எளிதில சொத்தை விழாது. நல்ல பல்லு இது."

"நல்ல பல்ல யாரு கேக்கா டாக்டரம்மா. வெள்ளப் பல்லுதான் கேக்காக" என்றாள் அம்மா.

அடிபட்ட கீழ்ப்பல்லுக்கு ஏதோ பூசிவிட்டார். மூன்று வாரம் ஆறட்டும், அதற்குப் பிறகுதான் மருந்து என்றார்.

26.2.1994, சனி

செல்லத்தாய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "ஏட்டி, பட்டாளத்துக்காரன் வந்து ஒன்னப் பாத்து சிரிச்சா நீ என்ன செய்வ, முந்தானைய எடுத்து மூடுவியா? அவன் எதிரின்னு நெனச்சுச் சுட்டுறப் போறான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பெனியில் பஞ்சுத் தூசிக்காக எல்லோரும் வாயில் துணி கட்டியிருப்போம். இந்த வேலைக்கு நான் ஒரு நாள்கூட லீவு போடாததற்கு அதுதான் காரணம். யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தை விட்ட காரணத்தையும் யாரிடமும் சொன்னதில்லை. கணக்கு வரவில்லை என்று வீட்டில் நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் தமிழய்யா என்னை எழுப்பிச் செய்யுளை உரக்கச் சொல்லச் சொன்னார். வாயைத் திறந்தேன். முன்வரிசையில் ஒருத்தி, "பேருதான் வெள்ளத்தாய்" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

6.3.1994, ஞாயிறு

முதல் தடவை முடிந்தது.

உதடு முழுக்க வாஸ்லின் தடவினார்கள். பலூன் போன்ற ஒரு ரப்பர் தாளில் ஓட்டை போட்டு, பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டினார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பிறகு டாக்டரம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பேண்டேஜ் துணி. எட்டு மடிப்பு, ஓரம் உள்பக்கம். எங்கள் கம்பெனியில் மடிப்பது போலவே. அதை மருந்தில் நனைத்து என் பல்மேல் வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். அரை மணி நேரம். ஒரு நாளைக்கு இருநூறு மடிக்கிறேன். அது எங்கே போகிறது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

பல் சூடாகும் என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். காவி கொஞ்சம் வெளிறியிருந்தது. கோடு அப்படியே இருந்தது. "எப்படியிருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். என்ன கேட்டாலும் எனக்கு வருவது அதுதான்.

சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். மருந்து வைத்த பிறகு இரண்டு நாளைக்குப் பல் எந்த நிறத்தையும் பஞ்சு மாதிரி இழுக்கும். வெள்ளைச் சட்டையில் பட்டால் கறையாகும் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. காப்பி, டீ, மஞ்சள், மிளகாய்ப் பொடி, பீட்ரூட் கூடாது. வெற்றிலை கூடவே கூடாது. தயிர்ச்சோறு, இட்லி, பால் சாப்பிடலாம். ரொம்பச் சூடும் ரொம்பக் குளிர்ச்சியும் வேண்டாம். மெதுவான பிரஷ். உமிக்கரி, உப்பு, எலுமிச்சம்பழம் தொடக் கூடாது. கூச்சம் ஒரு வாரம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

7.3.1994, திங்கள்

"மஞ்சப்பொடி இல்லாம கொழம்பு வைக்க இது என்ன எழவு வீடா?" என்று அம்மா பாத்திரங்களோடு சண்டை போட்டாள். எனக்குத் தனியாகத் தயிர்ச்சோறு வைத்தாள். தாளித்த கடுகைக்கூட ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருந்தாள்.

9.3.1994, புதன்

தூங்கும்போது வாய் திறந்து காற்று பட்டால் விழித்துக்கொள்கிறேன். துணி கட்டிக்கொண்டு தூங்குகிறேன்.

20.3.1994, ஞாயிறு

இரண்டாம் தடவை. பாதியில் கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்து, காற்றாடி நின்று, நான் ரப்பர் தாளோடு படுத்துக் கிடந்தேன். வாயைத் திறந்தபடி. பேச முடியாது, எழுந்திருக்க முடியாது. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் விசிறிவிட்டு, கரண்ட் வராது என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

இடது பக்கத்தில் இருந்துதான் விளக்கைக் காட்ட ஆரம்பித்திருந்தார். அதனால் இடது பக்கம் வெளுத்திருக்கிறது, வலது பக்கம் பழைய காவி. நடுவில் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு அடித்தது போல. "நாலு நாளில் திட்டு அடங்கும். அடுத்த தடவை சமப்படுத்திரலாம். இரண்டு நாள் மட்டும் கவனமா இரு" என்றார்.

வெள்ளிக்கிழமைதான் பூ வைக்க வருகிறார்கள், அதற்குள் அடங்கிவிடும் என்று பஸ்ஸில் அம்மா நாள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். "வெள்ளிக்கிழமை இல்ல, நாளைக்கே வாராக. அவிய ஊர்ல செவ்வாக்கெழமை கோயில் பொங்கலுக்குச் சாட்டுதாகளாம். சாட்டிட்டா பொறவு பொங்கல் முடியுத வரைக்கும் ஊருல எந்த நல்ல காரியமும் பேசக் கூடாது. வெளியூர் போய்த் தங்கவும் கூடாது. அதான் முந்திக்கிட்டாக."

அம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். அத்தையும் பார்த்தாள். அத்தைக்குக்கூட ஒரு பழமொழியும் வரவில்லை.

அத்தை போன பிறகு அம்மா வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பினாள். சொம்புத் தண்ணீரில் வாயை நாலைந்து முறை கொப்பளித்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்று உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள்.

வெற்றிலைச் சிவப்புக்குக் கீழே அதே கோடு. அதே இரண்டு பல்.

"எனக்குப் பூ வச்ச அன்னைக்கு எங்க ஆத்தா வெத்தலைய மடிச்சு மாமியார் கையில குடுத்து எனக்கு ஊட்டச் சொன்னா. எங்க ஊர்ப் பொண்ணுக எல்லாத்துக்கும் அப்படித்தான். செவந்துருச்சுன்னா எவளுக்குத் தெரியும், கோடு இருக்கா, குழி இருக்கான்னு. அன்னையிலிருந்து விட்டதில்ல. இருவது வருசமா ஒங்கப்பாவுக்கே தெரியாது."

"டாக்டரம்மா வெத்தல கூடவே கூடாதுன்னாக."

"டாக்டரம்மாவா வந்து பூ வைக்காக?"

21.3.1994, திங்கள்

பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

22.3.1994, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

ஏழு பேர் வந்தார்கள். தட்டில் பூ, பழம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கிய பால்கோவா. நான் தலையைக் குனிந்தே இருந்தேன். அடக்கமான பிள்ளை என்று யாரோ சொன்னார்கள்.

மாப்பிள்ளையின் அக்கா பெயர் சண்முகத்தாய். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், பேசிக்கொண்டே இருப்பாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏட்டி, போட்டோவில சிரிச்சவ நீதானா, இல்ல ஒனக்குத் தங்கச்சி யாரும் இருக்காளா? ஒரு சிரிப்பக் காணமே."

குனிந்தபடி இருந்தேன்.

"அவன் அந்தப் போட்டோவப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கானாம். எழுதியிருக்கான். ஒனக்கு என்ன சொல்லணும்னாலும் எங்கிட்டச் சொல்லு. அவனுக்கு லெட்டர் எழுதுறது நான்தான்."

யாரும் இல்லை. அவளும் நானும் தண்ணீர்க் குடமும்தான். சொல்லிவிட வேண்டும். மதினி, அது பென்சில். அவ்வளவுதான், மூன்று சொல். ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"மதினி..."

"வெள்ளத்தாயி, இங்க வா. ஒங்க மாமியார் கூப்பிடுதாக." அம்மா நிலைப்படியில் நின்றாள். கையில் மடித்த வெற்றிலை இருந்த தட்டு.

உள்ளே மாப்பிள்ளையின் அம்மா முன்னால் போய் நின்றேன். "எங்க ஊர் வழக்கம் மதினி. பூ வச்ச கையோட பிள்ளைக்கு நீங்க வெத்தல ஊட்டணும்" என்றாள் அம்மா. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சந்தோஷம். "நல்ல வழக்கமா இருக்கே" என்று வெற்றிலையை எடுத்தார். அம்மா நிறையச் சுண்ணாம்பு வைத்திருந்தாள், நன்றாகச் சிவக்கட்டும் என்று.

அந்தக் கை என் உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் திட்டு தெரியும். திறக்காவிட்டால் மாமியார் கையைத் தட்டிவிட்ட பிள்ளை. நான் என்ன செய்ய? யாராவது சொல்லுங்க, நான் என்னதான் செய்ய?

கொஞ்சமாகத் திறந்தேன். மென்றேன். சுண்ணாம்பு ஈறில் பட்டதும் எரிந்தது. பாக்கு ஒவ்வொரு கடிக்கும் பல்லின் வேருக்குள் போனது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பிள்ளைக்கு அழுகை வந்துருச்சு" என்று மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் துடைத்தார்.

சண்முகத்தாய் மதினி என் தாடையைத் தொட்டு நாக்கை நீட்டச் சொன்னாள். "எம்புட்டுச் செவப்பு. எந்தம்பி குடுத்து வச்சவன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

23.3.1994, புதன்

மூன்று தடவை துலக்கியும் போகவில்லை. வெளுத்திருந்த இடது பக்கம்தான் அதிகமாக இழுத்திருக்கிறது. செங்கல் நிறம். பழைய காவியே தேவலை.

24.3.1994, வியாழன்

காலை ஷிப்டு முடிந்து வந்து அப்பா சாப்பிட்டார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் ரசம் ஊற்றினேன். வாயில் துணி கட்டியிருந்தேன், வீட்டுக்குள்ளேயே.

"அவுருத்தா அத" என்றார்.

அவிழ்க்கவில்லை.

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஒங்கம்மா தூங்கும்போது வாயத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குவா" என்றார். "கல்யாணம் ஆன புதுசுலருந்தே."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் சொன்னது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

27.3.1994, ஞாயிறு

டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். அம்மா வரவில்லை என்றாள்.

வாயைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல், கையை வைத்து மூடாமல் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். மேலே இருந்த பாக்குக் கறையை மட்டும் மெதுவாகத் துடைத்து எடுத்தார். மிச்சம் உள்ளே போய்விட்டதாம்.

"இதுக்கு மேல இப்ப மருந்து வைக்க மாட்டேன். பல்லு நொந்துபோயிருக்கு. ஆறு மாசம் சும்மா விடு. அப்புறம் உனக்கு வேணும்னா வா. உனக்கு வேணும்னா."

ஆறு மாதம் என்றால் ஆவணி போய்விடும்.

16.4.1994, சனி

லெட்டர் வந்தது. மதினி எழுதியது இல்லை. பட்டாளத்திலிருந்து அவரே எழுதியிருக்கிறார், என் பெயருக்கு. அம்மா பிரிக்காமல் கொடுத்தாள்.

பென்சிலில் எழுதியிருக்கிறார். பேனா மை அங்கே உறைந்துவிடுமாம். தனக்கு லெட்டர் எழுத வராது என்று முதல் வரியிலேயே இருக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. கால் விரல் ஒன்று மரத்துப்போய் இப்போது சரியாகிவிட்டது. அக்காவிடம் சொல்ல வேண்டாம். எங்கே பார்த்தாலும் வெள்ளையாகவே இருக்கிறது, ஊரின் நிறம் எல்லாம் மறந்துவிட்டது. கடைசியில் இப்படி: "கலரில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பவும். அந்தப் போட்டோவில் உள்ள மாதிரி சிரித்தபடி இருக்கவும்."

நாலு முறை படித்தேன். நல்ல மனிதர்போலத்தான் இருக்கிறது. அதனால் இன்னும் பயமாக இருக்கிறது.

18.4.1994, திங்கள்

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

"கலரா? ஒரு கல்யாண ரோல் பாக்கி இருக்கு, அதுல எடுக்கேன். மதுரைக்குப் போய்க் கழுவி வரணும், வெள்ளிக்கெழமை ஆயிரும்" என்றார் ஐயாதுரை அண்ணாச்சி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா கலர்ல நான் பென்சில் வைக்க முடியாதுத்தா. வேணும்னா வாய மூடிக்கோ, லேசா முறுவல் மட்டும்" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. சிரிச்சுத்தான் வேணும்."

என்னைப் பார்த்தார். அப்புறம் விளக்கைப் போட்டார்.

சிரிப்பு வரவில்லை. அவர் காத்திருந்தார். வரவே இல்லை. நாய் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. "ஏலே, வா, வந்து ஒக்காரு" என்று அவர் அதைக் கூப்பிட்டார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு முடியாது என்பது போல மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

வெளிச்சம் அடித்தபோது என் கை மடியில் இருந்தது.

22.4.1994, வெள்ளி

போட்டோ வந்துவிட்டது. எல்லாம் தெரிகிறது. காவி, செங்கல், குறுக்குக் கோடு, கீழே சுண்ணாம்புப் பல். சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா கேட்டு வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். "அனுப்பப் போறியா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"அவிய வேண்டாம்னு சொல்லிட்டா?"

போட்டோவுக்காகக் கையை நீட்டினேன். அம்மா போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள்.

பின்பக்கம் என் பெயரை எழுதினேன். தபாலாபீஸுக்கு நடந்து போய், தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டி, பெட்டியில் போட்டேன்.